மலையேறும் டேர்போ எஞ்சினும் எரிபொருளின் தரமும்

நல்ல கொழுந்து வந்து சேராவிடின் நல்ல தேயிலை உண்டாகாது. உருட்டும் யந்திரம் எந்நாட்டிலிருந்து வந்ததாயினும், உலர்த்தும் அடுப்பு எத்துணைப் புதிதாயினும், முற்றிய இலை கலந்த கொழுந்தை அவற்றுள் இட்டால் அதன் குறை தேநீர்க் கிண்ணம் வரை தொடர்ந்து வரும். மலைநாட்டிலே பிறந்த பிள்ளைகளுக்கு இதனை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை.

இவ்வுண்மை மோட்டார் வாகனத்துக்கும் பொருந்தும். ஆயினும் கொழுந்தின் தரத்தை விரலால் தொட்டே அறிந்துகொள்ளும் நாம், வாகனத்தின் தாங்கியில் ஊற்றும் எரிபொருளின் தரத்தைப் பற்றிச் சிந்திப்பது அரிது. பழைய எஞ்சின்கள் நமது அசிரத்தையை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. இன்று நம் வீதிகளிற் பெருகிவரும் டேர்போ எஞ்சின்கள் அவ்வாறு பொறுப்பதில்லை. மலைநாட்டிலோ அவற்றின் பொறுமை இன்னும் குறைவு. அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியருக்கும் எஞ்சினுக்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் வினவலாம். நம் கல்லூரியிற் கற்றோருள் லொறி ஓட்டுவோரும், வாடகை வான் வைத்திருப்போரும், கராஜ் நடத்துவோரும் பலர் உளர். அவர்தம் தொழிலின் நுட்பத்தைத் தமிழிலே எடுத்துரைத்தல் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையே என்று கருதுகிறோம். நம் மொழியிலே 'பொறி' என்னும் சொல் யந்திரத்தையும் குறிக்கும். தீயின் சிறு துளியையும் குறிக்கும். பெற்றோல் எஞ்சினிலோ இவ்விரண்டும் ஒன்றுகூடியே தொழில் செய்கின்றன. படிப்போர்க்கு மயக்கம் நேராவண்ணம் ஈண்டு யந்திரத்தை எஞ்சின் என்றும், தீயைத் தீப்பொறி என்றும் வழங்குவோம்.

மலைக்காற்றின் மெலிவு

எஞ்சின் எரிபொருளை மாத்திரம் உண்டு வாழ்வதன்று. ஒரு கிலோ பெற்றோல் செவ்வனே எரிந்து முடிதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இக்காற்றைப் பழைய எஞ்சின்கள் தாமே மூச்சிழுத்துக்கொள்ளும். பிஸ்டன் கீழிறங்கும்போது உருளையினுள் வெற்றிடம் போன்ற நிலை தோன்ற, வெளிக்காற்று தன் அமுக்கத்தால் உள்ளே பாய்கின்றது. ஆகவே வெளிக்காற்றின் அமுக்கம் குறையின் எஞ்சினுக்குக் கிடைக்கும் மூச்சும் குறைந்தே தீரும்.

கடல் மட்டத்திலே காற்றின் அமுக்கம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே அது சுமார் 81 கிலோபாஸ்கல் மாத்திரமே. ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. கொழும்பிலே 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர் இங்கே சுமார் 94 பாகையிற் கொதிப்பதும், பருப்பு வேகுதற்கு அதிக நேரஞ் செல்வதும் இதன் பயனே. அடுப்பங்கரையிலே நம் தாய்மார் நாள்தோறும் காணும் இதே மெலிவு எஞ்சினையும் தாக்குகின்றது. கொழும்பிலே 100 குதிரைவலுத் தரும் பழைய எஞ்சின் நுவரெலியாவை அடையும்போது 80 அல்லது 82 குதிரைவலுவே தரும்.

இக்குறை நேரும் இடத்தையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வாகனம் ஏறத்தாழ 1400 மீற்றர் உயர்கின்றது. வலு மிகுதியாக வேண்டப்படும் அவ்வேற்றத்திலேதான் வலு படிப்படியாகக் குறைந்து செல்கின்றது. 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்திலே கலந்துகொண்ட பழைய வாகனங்களும் இந்த மெலிந்த காற்றோடு போராடியே மேலேறின.

டேர்போ செய்யும் உதவி

மலை பறித்துக்கொண்ட காற்றைத் திரும்பப் பெறும் வழியே டேர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே காற்றிற் கலப்பதைத் தடுத்து, அதன் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழற்றப்படுகின்றது. அச்சக்கரத்தின் தண்டிலே பொருத்தப்பட்ட மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுள் அனுப்புகின்றது. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலாகச் சுழலும் இத்தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றின் மீதே மிதந்து நிற்கின்றது.

இவ்வுபாயத்துக்கு 1905ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றவர் அல்பிரட் பூஹி என்னும் சுவிற்சலாந்து நாட்டுப் பொறியியலாளர். மலைக்கும் டேர்போவுக்கும் உள்ள உறவைத் தெளிவாக மெய்ப்பித்துக் காட்டியவர் அமெரிக்கராகிய சான்போர்ட் மொஸ். அவர் 1918ஆம் ஆண்டிலே லிபேட்டி என்னும் விமான எஞ்சினொன்றை லொறியிலேற்றி, கொலராடோ மாநிலத்திலே 4300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுசென்றார். சமவெளியிலே சுமார் 350 குதிரைவலுத் தந்த அவ்வெஞ்சின் உச்சியிலே 230 தான் தந்தது. டேர்போவைப் பொருத்தியதும் 356 குதிரைவலுத் தந்தது. மலை எடுத்ததை டேர்போ முழுதும் மீட்டுத் தந்துவிட்டது.

இவ்வாறாயின் மலைநாட்டுக்கு இதனினும் சிறந்த வாகனம் வேறில்லை என்றே தோன்றும். அஃது உண்மையே. ஆயினும் அவ்வுதவிக்கு ஒரு விலை உண்டு. அவ்விலை எரிபொருளின் தரமாகச் செலுத்தப்பட வேண்டும்.

எஞ்சின் தட்டுதல்

பெற்றோல் எஞ்சினிலே காற்றும் பெற்றோலாவியும் கலந்த கலவை முதலில் அமுக்கப்படுகின்றது. பின்னர்த் தீப்பொறியாற் பற்றவைக்கப்படுகின்றது. தீயானது பொறி எழுந்த இடத்திலிருந்து ஒழுங்காகப் பரவிச் சென்று பிஸ்டனைக் கீழே தள்ளுதல் வேண்டும். ஆனால் அமுக்கமும் வெப்பமும் அளவுக்கு மிஞ்சினால், தீ வந்து சேருமுன்னரே தொலைவிலுள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்றதோர் ஓசை எழும். இதனையே நம் மெக்கானிக்குகள் எஞ்சின் தட்டுகிறது என்பர். இவ்வெடிப்பு நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு நொறுங்கும். அதன் வளையங்கள் உடையும்.

இத்தட்டலை எதிர்த்து நிற்கும் ஆற்றலே ஒக்டேன் எண்ணால் அளக்கப்படுகின்றது. ஐசோ ஒக்டேன் என்னும் திரவத்துக்கு 100 என்றும், எளிதில் வெடிக்கும் ஹெப்டேன் என்னும் திரவத்துக்கு 0 என்றும் வைத்து 1920களின் பிற்பகுதியில் இவ்வளவை வகுக்கப்பட்டது. 92 ஒக்டேன் பெற்றோல் என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு எதிர்த்து நிற்குமோ அவ்வளவு எதிர்த்து நிற்கும் பெற்றோல் என்பது பொருள்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். ஒக்டேன் எண் உயர்ந்தால் பெற்றோலின் வலுவும் உயரும் என்று பலர் நம்புகின்றனர். அஃது அன்று. ஒக்டேன் என்பது பொறுமையின் அளவேயன்றிச் சக்தியின் அளவன்று. 91 ஒக்டேன் போதுமென அமைக்கப்பட்ட எஞ்சினில் 95 ஊற்றினால் மேலதிகப் பணம் செலவாவதன்றிக் குறிப்பிடத்தக்க பயன் விளையாது.

ஒக்டேனை உயர்த்துதற்கு 1921ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட வழி, பெற்றோலில் ஈயச் சேர்க்கையொன்றைக் கலப்பது. எஞ்சினுக்கு நன்மை செய்த அவ்வீயம் குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு செய்தது. இலங்கையிலே ஈயங் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டிலே முற்றாகக் கைவிடப்பட்டது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பின் திறத்தாலும் வேறு சேர்க்கைகளாலுமே ஒக்டேன் உயர்த்தப்படுகின்றது.

மலை தந்த சலுகை

இனி நம் கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். டேர்போ இல்லாத எஞ்சினுக்கு மலை ஒரு தண்டனையும் தருகின்றது. ஒரு சலுகையும் தருகின்றது. தண்டனையை மேலே கண்டோம். சலுகை யாதெனின், மெலிந்த காற்று உள்ளே புகுவதால் உருளையினுள் அமுக்கமும் குறைவாகவே இருக்கும். ஆகவே தட்டலும் குறையும். ஆகவே ஒக்டேன் குறைந்த பெற்றோலும் போதும். அமெரிக்காவின் கொலராடோ முதலிய மலை மாநிலங்களிலே பிற இடங்களிலும் ஒக்டேன் குறைந்த பெற்றோல் நெடுங்காலமாக விற்கப்படுவது இக்காரணம் பற்றியே. நம் பெரியோர் ஓட்டிய பழைய கார்கள் எத்தகைய பெற்றோலையும் உண்டு நுவரெலியாவுக்கு ஏறின என்றால், அதற்கு அக்கார்களின் உறுதி மாத்திரம் காரணமன்று. மலைக்காற்றும் அவற்றுக்குத் துணை நின்றது.

டேர்போ எஞ்சினுக்கு இச்சலுகை இல்லை. அது மலைக்காற்றை அமுக்கிச் சமவெளிக் காற்றின் அடர்த்திக்குக் கொண்டுவந்துவிடுகின்றது. உருளையினுள்ளே நுவரெலியா என்றும் கொழும்பு என்றும் வேறுபாடில்லை. மெலிந்த காற்றை அவ்வளவுக்கு அமுக்குதற்கு டேர்போ இங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அமுக்கப்படும் காற்று சூடேறும் என்பதைச் சைக்கிள் பம்பைக் கையிற் பிடித்த சிறுவனும் அறிவான். மிகுதியாக அமுக்கப்படும் மலைக்காற்று மிகுதியாகச் சூடேறுகின்றது. அச்சூட்டைத் தணித்தற்கு இன்ரகூலர் என்னும் குளிர்விப்பான் உண்டெனினும், பாரத்தோடு மெல்ல ஊர்ந்தேறும் வாகனத்திலே அதன்மீது வீசும் காற்றும் குறைவே. இவ்வாறு, ஒக்டேன் குறைந்த பெற்றோலை மலை மன்னித்த காலம் டேர்போவோடு முடிவடைந்தது.

இவ்விடர் டேர்போக் கார்களின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. அமெரிக்காவிலே 1962ஆம் ஆண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்னும் காரிலே, தட்டலைத் தடுப்பதற்காகத் தூய நீரும் மெதனோலும் கலந்த திரவம் தனித் தாங்கியொன்றில் வைக்கப்பட்டது. அத்தாங்கியை நிரப்ப மறந்தோர் பலர். கார் வலுவிழந்தது, சில ஆண்டுகளில் அம்முயற்சியும் கைவிடப்பட்டது. பின்னர் 1980களின் தொடக்கத்திலே சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனத்தார், தட்டலைச் செவிமடுக்கும் உணரியொன்றை எஞ்சினிற் பொருத்தி, தட்டல் எழுந்ததும் டேர்போவின் அமுக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை அமைத்தனர்.

இன்றைய டேர்போக் கார்களிலும் அத்தகைய உணரி உண்டு. தரங்குறைந்த பெற்றோல் உட்புகுந்தால், காரின் கணினி தீப்பொறியைச் சற்றுப் பிந்தி எழச் செய்யும். காற்றின் அமுக்கத்தையும் குறைக்கும். எஞ்சின் உடனே உடைந்து போகாது. ஆனால் வலு குறையும்; பெற்றோல் அதிகஞ் செலவாகும்; பிந்திய எரிதலால் வெளியேறும் புகை மேலும் சூடாகி டேர்போவின் சக்கரத்தை வாட்டும். ஓட்டுபவரோ, "மலை ஏறும்போது இப்படித்தான்" என்று எண்ணி இன்னும் ஆழமாக மிதிப்பார். எஞ்சின் சொல்லும் முறைப்பாடு மலையின் மேல் ஏற்றப்பட்டு மறக்கப்படும்.

92 போதுமா, 95 வேண்டுமா?

இலங்கையிலே எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப வாகன வரி விதிக்கப்படுவதனால், 1000 சீசீக்கு உட்பட்ட சிறு டேர்போக் கார்கள் பெருகின. ஹொண்டா சிவிக், டொயோட்டா றைஸ் முதலியவற்றின் ஒரு லீற்றர் வகைகள் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றுக்கு எப்பெற்றோல் ஊற்றுவது என்பது நாள்தோறும் எழும் வினா.

இதற்கு ஒரே விடை இல்லை. ஒவ்வொரு காரும் தான் பிறந்த நாட்டின் பெற்றோலை நோக்கி அமைக்கப்பட்டது. யப்பானிய நியமத்தின்படி அந்நாட்டுச் சாதாரண பெற்றோல் 89 ஒக்டேனுக்கும், உயர்தரப் பெற்றோல் 96 ஒக்டேனுக்கும் குறையலாகாது. ஆகவே யப்பானிலே சாதாரண பெற்றோலுக்கென அமைந்த சிறு டேர்போ வாகனத்துக்கு நம் நாட்டு 92 போதுமானது. ஐரோப்பாவிலோ 95 ஒக்டேனே பொது வழக்கு. ஐரோப்பியச் சந்தைக்கென அமைந்த டேர்போக் காரில் 92 ஊற்றுவது, பசித்த தொழிலாளிக்கு அரைவயிற்றுச் சோறிட்டு முழுநாள் வேலை வாங்குவதை ஒக்கும். வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே, உடலுக்கு ஒத்த உணவை அறிந்து அளவோடு உண்பார்க்கு மருந்து வேண்டா என்னும் கருத்தை வற்புறுத்தியுள்ளார். எஞ்சினுக்கும் அவ்விதியே. அதன் ஒத்த உணவு யாதென்பது பெற்றோல் மூடியின் உட்புறத்திலும் உரிமையாளர் கைந்நூலிலும் அச்சிடப்பட்டிருக்கும். அயலவர் சொல்லை விட அதுவே பிரமாணம்.

சிறு டேர்போ எஞ்சின்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. உயர் கியரிலே குறைந்த சுழற்சியில் முழு மிதி மிதித்து மேட்டில் ஏறும்போது, தீப்பொறி எழுமுன்னரே கலவை பற்றிக்கொள்ளல் கூடும். எண்ணெய்த் துளிகளும் கரித்துகள்களும் இதற்குக் காரணமாகின்றன. ஒரு கியர் இறக்கி எஞ்சினைத் தாராளமாகச் சுழலவிடுதலும், கைந்நூல் விதித்த தரத்து எஞ்சின் ஒயிலையே இடுதலும் இதற்குப் பரிகாரம்.

டீசல் வாகனங்கள்

மலைநாட்டின் பாரத்தைச் சுமப்பவை பெரும்பாலும் டீசல் வாகனங்களே. கொழுந்து லொறி, மரக்கறி லொறி, பஸ், வாடகை வான் ஆகிய யாவும் இவ்வினத்தன. டீசல் எஞ்சினிலே தீப்பொறி இல்லை. அமுக்கத்தாற் சூடேறிய காற்றே டீசலைப் பற்றவைக்கும். ஆகவே டேர்போ தரும் மிகைக்காற்று அதற்கு நன்மையே. காற்றுப் போதாத பழைய லொறி கக்கும் கரும்புகையை, நன்கு பராமரிக்கப்பட்ட டேர்போ எஞ்சின் பெரிதும் குறைக்கும்.

ஆயினும் இதன் நோய்கள் வேறு. இக்கால டீசல் எஞ்சின்கள் 1600 முதல் 2000 மடங்கு வளியமுக்கத்திலே டீசலை நுண்துளைகள் வழியாகத் தெளிக்கின்றன. அப்பாகங்களுக்கு மசகிடுவது டீசலே; வேறு எண்ணெய் இல்லை. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் அவ்வழுவழுப்புக் குறைந்து உலோகம் உலோகத்தோடு உராயும். நீர் கலந்தால் துருப்பிடிக்கும். நம் ஊரின் குளிரிலே, பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் இரவிலே பனித்துளி படிவதும் உண்டு. தெளிப்பான் பழுதுற்றால் டீசல் சரிவர எரியாது. அதன் கரி டேர்போவின் இதழ்களிற் படிந்து அவற்றை அசையவிடாது செய்யும். டீசலிலுள்ள கந்தகமோ எஞ்சின் ஒயிலிலே அமிலமாக மாறி, டேர்போவின் தண்டைத் தாங்கும் எண்ணெய்ப் படலத்தைக் கெடுக்கும். சுப்பர் டீசலிற் கந்தகம் குறைவு. புகைவடி பொருத்தப்பட்ட புதிய வாகனங்களுக்கு அதுவே ஏற்றது.

மண்ணெண்ணெய்க் கலப்பு

மண்ணெண்ணெய்க் கலப்பைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் கடன். ஏழை மக்களின் விளக்குக்கும் அடுப்புக்கும் மீனவரின் படகுக்கும் உதவும்பொருட்டு நம் நாட்டிலே மண்ணெண்ணெய் நெடுங்காலம் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. டீசலுக்கும் அதற்கும் இருந்த விலை வேறுபாடு கலப்புச் செய்வோரின் ஆசையைத் தூண்டியது. லயத்து அடுப்புக்கென வந்த எண்ணெயின் ஒரு பகுதி லொறித் தாங்கிக்குள் மறைந்தது. 2022 ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அவ்வுயர்வைச் சுமந்தவர்கள் கலப்புச் செய்தோர் அல்லர். மண்ணெண்ணெய் அடுப்பை நம்பியிருந்த குடும்பங்களே.

கலப்பினாற் கெடுவோர் இருவர். ஒருவர், அடுப்புக்கு எண்ணெய் இழந்தவர். மற்றவர், அறியாமல் அக்கலப்பை வாங்கி ஊற்றிய வாகனக்காரர். குத்தகைக் கடனில் வான் வாங்கி, மாதந்தோறும் தவணை செலுத்தி, பாடசாலைப் பிள்ளைகளையும் நோயாளரையும் ஏற்றியிறக்கிப் பிழைக்கும் ஒருவருக்கு, டேர்போவும் தெளிப்பான்களும் பழுதடைந்தால் அது எஞ்சினின் பழுதோடு நிற்பதில்லை. வாகனம் கராஜில் நிற்கும் நாள்களிலும் தவணை நிற்பதில்லை. கலப்பாற் கிடைத்த இலாபம் சில ரூபா. நேர்ந்த நட்டம் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. வீதியோரமாகப் பாடசாலைக்கு நடந்து செல்லும் சிறுவர் சுவாசிக்கும் கரும்புகையை எந்தக் கணக்கில் எழுதுவது?

செய்யத்தக்கன

நம் அன்பர்கள் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம். கைந்நூல் விதித்த ஒக்டேனுக்குக் குறைந்த பெற்றோலை ஊற்றலாகாது. விதித்ததற்கு மேல் ஊற்றிப் பணத்தை விரயமாக்கவும் வேண்டா. விற்பனை மிகுந்த நிலையத்திலேயே நிரப்புதல் நன்று; அங்கே எண்ணெய் நெடுநாள் தேங்குவதில்லை. பவுசரிலிருந்து நிலத்தடித் தாங்கிக்கு எண்ணெய் இறக்கும் வேளையில் நிரப்புதல் தகாது. அடியிற் படிந்த நீரும் அழுக்கும் அப்போது கலங்கி எழும். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது பலர் செய்தவாறு கான்களிலும் போத்தல்களிலும் பெற்றோலைச் சேமித்தல் ஆபத்து. நாட்பட்ட பெற்றோல் தன் ஆவித்தன்மையையும் இழந்துவிடும். டீசல் வாகனத்தில் நீர் பிரிக்கும் வடியை உரிய காலத்திலே வெறுமையாக்குதலும், இரவிலே தாங்கியை நிரப்பி நிறுத்துதலும் வேண்டும். நெடிய ஏற்றம் ஏறி முடிந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடின், சூடேறிய டேர்போ எண்ணெயாற் குளிர்விக்கப்படும். நிரப்பிய பற்றுச்சீட்டை வைத்திருத்தல் மற்றொரு நல்வழக்கம். எண்ணெயிற் குறை காணின் முறையிடுதற்கு அதுவே சான்று.

ஆயினும் தனி மனிதர் விழிப்பு மாத்திரம் போதாது. தாங்கிக்குள் ஊற்றப்படுவதைக் கண்ணாற் கண்டு எவராலும் ஒக்டேனை அளக்க முடியாது. ஆகவே நாடெங்கும் விற்கப்படும் எரிபொருளை மாதிரி எடுத்துப் பரிசோதித்தலும், அதன் முடிவை மக்கள் அறியச் செய்தலும், கலப்புச் செய்தோரைத் தண்டித்தலும் அரசின் பொறுப்பு. துறைமுகத்திலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் சோதிக்கப்பட்ட எண்ணெய், மலைப்பாதையின் கடைசி விற்பனை நிலையம் வரை அத்தரத்தோடு வந்து சேர்தல் வேண்டும். தலைநகரின் மேடில்லாத வீதியிலே மறைந்துபோகும் குறை, றம்பொடை ஏற்றத்திலே வெளிப்பட்டுவிடும்.

விஞ்ஞானங் கற்கும் நம் மாணவர்க்கு இதிலே தொழிலும் உண்டு, தொண்டும் உண்டு. எரிபொருளைச் சோதிக்கும் இரசாயனவியலாளராகவும், டேர்போவைச் செப்பனிடும் வல்லுநராகவும் நம் பிள்ளைகள் உருவாகுதல் வேண்டும். கராஜ்களை நடத்தும் பழைய மாணவர்கள், விடுமுறைக் காலங்களிலே இம்மாணவர் சிலரைத் தம்மிடத்து அழைத்துப் பழகவிடுவார்களாயின், அது கல்லூரிக்குச் செய்யும் பெருங் கொடையாகும். நல்ல எரிபொருளைக் கேட்டு வாங்கவும், கெட்டதைக் கண்டறிந்து மறுக்கவும் வல்ல ஒரு தலைமுறை மலைநாட்டில் எழுமாயின், நம் வாகனங்களோடு நம் மக்களின் வாழ்வும் தட்டலின்றி மேலேறும்.